நீலகிரியில் பிறந்த ஆட்டம்: குறி பார்க்கும் ரகசியம் என்ன?

சாயங்கால வேளை. கணியூர்க் கடைவீதியானாலும் சரி, பனியன் கம்பெனிகள் நிறைந்த திருப்பூரின் ஏதாவதொரு சந்தானாலும் சரி, வேலை முடிந்து நாலு பேர் கூடுகிற இடத்தில் ஒரு கேரம் பலகை இருக்கும். தலைக்கு மேலே ஒரு விளக்கு தொங்கும். பலகையில் பவுடர் தூவியிருக்கும். காயை உற்றுப் பார்த்துக்கொண்டு ஒரு சிறுவன் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவான். காய் பாக்கெட்டின் விளிம்பில் முட்டிக்கொண்டு திரும்பி வரும். பக்கத்தில் நிற்கும் பெரியவர் சும்மா இருக்கமாட்டார்.

"காயையே பார்த்துக்கிட்டிருந்தா எப்படிக் கண்ணு? அடி எங்கே விழோணும்னு பாரு!" என்பார்.

இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருப்பது சாமானியமான விஷயமல்ல. இதையே விளக்குவதற்காக மேல்நாட்டில் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். பாடம் நடத்திப் பணம் சம்பாதித்தவர்களும் உண்டு. பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகிய மூன்று மேஜை ஆட்டங்களுக்கும் உயிர்நாடி இதுதான். ஒரு பந்தை அடித்து, அது இன்னொரு பந்தில் மோதி, அந்த இரண்டாவது பந்து குழிக்குள் போய் விழ வேண்டும். குறி எங்கே வைப்பது? அதற்கு விதி ஏதாவது உண்டா, அல்லது வருஷக்கணக்கில் அடித்து அடித்துத்தான் வர வேண்டுமா?

இந்தக் கேள்வி நமக்குச் சம்பந்தமில்லாத சீமைக் கேள்வி என்று எண்ணிவிட வேண்டாம். உலகமெல்லாம் டெலிவிஷனில் பார்த்து ரசிக்கிற ஸ்னூக்கர் ஆட்டத்துக்குச் சட்டம் எழுதப்பட்டது லண்டனில் அல்ல, நம்முடைய உதகமண்டலத்தில். கணியூரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊர்.

உதகையில் எழுதிய சட்டம்

கதை தொடங்குவது ஜபல்பூரில். 1875-ஆம் வருஷம். நெவில் சேம்பர்லின் என்ற 19 வயது ராணுவ அதிகாரி அங்கே இருந்தார். (பிற்காலத்தில் பிரதம மந்திரியாக இருந்த சேம்பர்லின் வேறு, இவர் வேறு.) பட்டாளத்து அதிகாரிகள் பொழுதுபோக்காக மேஜையில் பந்தயம் கட்டி ஆடிவந்தார்கள். அப்போது வழக்கத்திலிருந்த ஒரு ஆட்டத்தில் சிவப்புப் பந்துகளோடு கறுப்புப் பந்து ஒன்றும் உண்டு. அதில் இன்னும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்தால் என்ன என்று சேம்பர்லினுக்குத் தோன்றிற்று. சேர்த்துப் பார்த்தார்கள்; ஆட்டம் சுவாரஸ்யமாக இருந்தது.

பெயர் வந்த விதம் வேடிக்கையானது. உல்விச் ராணுவக் கலாசாலையில் முதல் வருஷ மாணவர்களைக் கேலியாக 'ஸ்னூக்கர்' என்பார்களாம். ஒரு நாள் ஓர் அதிகாரி எளிதான பந்தைத் தவறவிட்டார். சேம்பர்லின் அவரை அந்தப் பெயரால் பரிகசித்துவிட்டார். பிறகு அவர் மனம் நோகக்கூடாதே என்று, இந்த ஆட்டத்தைப் பொறுத்தமட்டில் எல்லோருமே 'ஸ்னூக்கர்'கள்தாம் என்று சமாதானம் சொன்னார். அந்தப் பெயரே ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது.

சேம்பர்லின் பிறகு ஆப்கன் யுத்தத்தில் காயமடைந்தார். சென்னை ராணுவத்தின் தளபதியாக வந்த சர் பிரடெரிக் ராபர்ட்ஸின் பரிவாரத்தில் சேர்ந்தார். கோடைகாலத்தில் சென்னை ராஜதானியின் அதிகார பீடமே உதகைக்கு மலையேறிவிடும் காலம் அது. 1882-இல் உதகமண்டலம் கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்னூக்கரின் விதிகள் முறையாக எழுதி ஒட்டப்பட்டன. 1885-இல் இங்கிலாந்தின் பெரிய ஆட்டக்காரரான ஜான் ராபர்ட்ஸ் கல்கத்தாவுக்கு வந்தபோது சேம்பர்லினைச் சந்தித்து விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்படியாக நீலகிரி ஆட்டம் சீமைக்குக் கப்பலேறியது.

இதையெல்லாம் சேம்பர்லினே 1938-இல் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார். அப்போது அவருக்கு வயது 82. அதுவரையில் ஆட்டம் எங்கே பிறந்தது என்பதைப் பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாணயம் போதும்

சட்டம் உதகையில் பிறந்தது. குறி பார்க்கும் கணக்கோ எந்த ஊருக்கும் பொது. மேஜையோ கோலோ இல்லாமலே இதை வீட்டில் செய்து பார்க்கலாம்.

இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் காகிதத்தின் நடுவில் வையுங்கள். இதுதான் குழிக்குள் போக வேண்டிய பந்து. காகிதத்தின் ஒரு மூலையைக் குழி என்று வைத்துக்கொள்ளுங்கள். குழியிலிருந்து நாணயத்தின் மையம் வழியாக ஒரு கோடு இழுத்து, பின்பக்கமும் நீட்டுங்கள். அந்தக் கோட்டின்மேல், முதல் நாணயத்தை ஒட்டினாற்போல், இரண்டாவது நாணயத்தைப் பின்னால் வையுங்கள். அதன் மையத்தைப் புள்ளியிட்டுவிட்டு நாணயத்தை எடுத்துவிடுங்கள்.

அந்தப் புள்ளிதான் குறி. நீங்கள் அடிக்கும் பந்தின் மையம் அந்தப் புள்ளிக்கு வந்து சேர்ந்தால், மோதப்பட்ட பந்து குழியைத் தவிர வேறெங்கும் போக முடியாது. இல்லாத ஒரு பந்து அங்கே உட்கார்ந்திருப்பதாகப் பாவித்து அடிப்பதால், இதைக் 'கற்பனைப் பந்து' முறை என்று சொல்லலாம். மேல்நாட்டார் 'ஆவிப் பந்து' என்றே சொல்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பந்தும் பந்தும் தொடுகிற இடம் வேறு. குறி வைக்கும் புள்ளி வேறு. புதிதாக ஆடுகிறவர் தொடுகிற இடத்தையே குறி வைத்துக் கோலை நீட்டுவார். அடி கனமாக விழுந்து பந்து குழிக்கு முன்பே சுவரில் போய் முட்டும். குறிப்புள்ளி, தொடுமிடத்துக்கும் அப்பால், ஒரு பந்தின் பாதி அகலம் விலகி வெறும் வெளியில் இருக்கிறது. வெறும் வெளியைக் குறி பார்க்கக் கண் சுலபத்தில் சம்மதிக்காது. சங்கடமெல்லாம் இதனால்தான்.

முழுப் பந்து, முக்கால் பந்து, அரைப் பந்து

வெறும் வெளியைப் பார்ப்பதற்குப் பதிலாக, எதிர்ப் பந்தின் மேலேயே அடையாளம் வைத்துக்கொண்டால் என்ன? இப்படி எண்ணியதிலிருந்து பிறந்ததுதான் பின்னக் கணக்கு.

கோலுக்குப் பின்னால் குனிந்து பார்க்கும்போது, உங்கள் பந்து எதிர்ப் பந்தை எவ்வளவு மறைக்கும்? முழுவதும் மறைத்தால் முழுப் பந்து அடி. எதிர்ப் பந்து நேராக ஓடும். முக்கால் மறைத்தால் அது ஏறத்தாழ பதினாலரை டிகிரி விலகி ஓடும். பாதி மறைத்தால் சரியாக 30 டிகிரி. கால் பங்கு மறைத்தால் ஏறத்தாழ நாற்பத்தெட்டரை டிகிரி. அரைக்கால் பங்குதான் மறைந்தால் 61 டிகிரி.

இவற்றில் அரைப் பந்து அடிக்குத் தனி மரியாதை உண்டு. காரணம், அதற்குக் குறி வெறும் வெளியில் இல்லை. உங்கள் கோல் எதிர்ப் பந்தின் விளிம்பை நேராக நோக்கினால் போதும். அதுவே அரைப் பந்து. கண்ணுக்குப் பிடிமானம் கிடைத்துவிடுகிறது. அன்றியும், தானாக உருண்டு வரும் பந்து அரைப் பந்தாக மோதும்போது அது திரும்பும் கோணம் ஏறத்தாழ 34 டிகிரி. அடி சற்றுக் கனமாகவோ மெல்லியதாகவோ விழுந்தாலும் இந்தக் கோணம் அதிகம் மாறுவதில்லை. சிறு தவறை மன்னித்துவிடும் அடி அது. பழைய பில்லியர்ட்ஸ் ஆசான்கள் மாணவனுக்கு முதலில் இந்த அரைப் பந்து அடியையே போதித்து வந்தார்கள்.

கேரம் ஆடுகிறவர்கள் இங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பில்லியர்ட்ஸில் இரண்டு பந்தும் ஒரே அளவு. கேரத்தில் ஸ்ட்ரைக்கர் பெரியது, காய் சிறியது. ஸ்ட்ரைக்கரின் குறுக்களவு 41 மில்லிமீட்டர், காயின் குறுக்களவு 31 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், ஸ்ட்ரைக்கரின் மையம் காயின் விளிம்பை நோக்கிப் போகும்போது காய் 30 டிகிரிக்குப் பதிலாக ஏறத்தாழ 25 டிகிரிதான் விலகும். கேரத்தில் கெட்டிக்காரரான ஒருவர் ஸ்னூக்கர் மேஜைக்கு வந்ததும் முதல் சில நாள் தடுமாறுவதற்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம்.

முக்கால் மில்லிமீட்டர்

இவ்வளவு நுட்பம் எதற்கு, ஏறக்குறைய அடித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஸ்னூக்கர் மேஜை 12 அடி நீளம், 6 அடி அகலம். பந்தின் குறுக்களவு 52.5 மில்லிமீட்டர். குழியின் வாய் ஏறத்தாழ 85 மில்லிமீட்டர். பந்து நடுவே போனால் இரு பக்கமும் 16 மில்லிமீட்டர் இடம் மிஞ்சும். எதிர்ப் பந்து குழியிலிருந்து 4 அடி தூரத்தில் இருந்தால், அதன் ஓட்டத்தில் முக்கால் டிகிரிக்கு மேல் பிசகு இருக்கலாகாது. அந்த முக்கால் டிகிரிக்குள் நிற்க வேண்டுமானால், நீங்கள் அடித்த பந்து குறிப்புள்ளியிலிருந்து ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டருக்குள் வந்து சேர வேண்டும்! அதுவும் நேரான அடிக்கு. 60 டிகிரி சாய்வான மெல்லிய வெட்டு என்றால் இந்தச் சலுகையும் பாதியாகிவிடும்.

பனியன் தைக்கும் இடத்தில் தையல் முக்கால் மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. இங்கே அது ஆட்டத்தையே தோற்கடித்துவிடும்.

பந்துகள் செய்யும் குறும்பு

கணக்கு மட்டும் சரியாக இருந்தால் பந்து விழுந்துவிடுமா? அதுவும் இல்லை. மோதும் கணத்தில் இரண்டு பந்துகளும் ஒன்றையொன்று உரசுகின்றன. சாய்வாக வருகிற பந்து தன் போக்கில் எதிர்ப் பந்தைச் சற்று இழுத்துவிடுகிறது. இதனால் எதிர்ப் பந்து கணக்குப்படி போக வேண்டிய கோட்டிலிருந்து ஒன்றிரண்டு டிகிரி, சில சமயம் அதற்கு மேலும், விலகிப் போகும். மெதுவாக அடித்தால் இந்தக் குறும்பு அதிகம். வேகமாக அடித்தால் குறைவு. பந்தில் அழுக்கும் சுண்ணத் தூளும் ஒட்டியிருந்தால் இன்னும் அதிகம். ஆட்டத்துக்கு நடுவே பந்தைத் துடைத்துக் கொடுக்கும்படி கேட்பது வீண் பகட்டல்ல.

அந்தக் காலத்தில் பந்துகளை யானைத் தந்தத்தில் கடைந்தார்கள். ஈரக் காற்றுக்கும் உஷ்ணத்துக்கும் தந்தம் வடிவம் மாறும். தந்தத்துக்குப் பதிலாக வேறு பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் என்று 1863-இல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி பரிசு அறிவித்தது. அதனால் தூண்டப்பட்ட ஜான் வெஸ்லி ஹயட் என்பவர் செல்லுலாயிடு பந்தைச் செய்தார். இன்றைய பந்துகள் ஃபீனாலிக் பிசினால் ஆனவை. எடையிலும் அளவிலும் ஒன்றுபோல் இருப்பதால், தவறினால் பந்தின் மேல் பழி போடும் வசதி ஆட்டக்காரருக்குப் போய்விட்டது.

மேஜைமேல் விரித்திருக்கும் துணிக்கும் குணம் உண்டு. அது பின்னல் துணி அல்ல. கம்பளி நூலில் நெய்தது. ஸ்னூக்கர் துணியின் மேல்புறம் மெல்லிய ரோமம் ஒரே திசையில் படிந்திருக்கும். 'ரைசிங்' மிஷினில் கொடுத்து மேலே பஞ்சு எழுப்பிய துணியைத் தடவிப் பார்த்த திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் கை தட்டும். பந்துக்கும் அப்படியேதான். பக்கச் சுழலோடு மெதுவாக ஓடும் பந்து, ரோமத்தின் திசையில் போகும்போது ஒரு பக்கமும், எதிர்த்துப் போகும்போது மறுபக்கமும் வளையும்.

கோலைத் திருப்பும் வித்தை

இப்போது கதையின் சிக்கலான கட்டத்துக்கு வருகிறோம்.

பந்தின் நடுவில் அடிக்காமல் வலப்புறமோ இடப்புறமோ அடித்தால் அது பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே ஓடும். சுவரில் மோதியதும் சுழலுக்கு ஏற்றபடி திரும்பும். அடுத்த பந்துக்கு வசதியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு இந்தப் பக்கச் சுழல் அவசியம். கோலின் நுனிக்குத் தோல் வைக்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பிரெஞ்சுக்காரரான மிங்கோ என்பவரால் பரவிற்று. அதற்குமுன் வெறும் மரத்தால் ஓரத்தில் அடித்தால் கோல் வழுக்கிவிடும். தோலும் சுண்ணமும் வந்த பிறகுதான் இந்த வித்தைக்கெல்லாம் வழி பிறந்தது. 1835-இல் கோரியோலி என்ற பிரெஞ்சுக் கணித மேதை பில்லியர்ட்ஸ் பந்துகளின் ஓட்டத்தைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதிவிட்டார். பூமியின் சுழற்சியால் காற்று திசை விலகுவதற்கு இன்றும் அவர் பெயரைத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஆனால் பக்கச் சுழலுக்கு ஒரு வரி கட்ட வேண்டும். பந்தின் வலப்புறம் அடித்தால், கோல் காட்டுகிற திசையில் பந்து போகாது. சற்று இடப்பக்கமாக விலகி ஓடும். விலகல் ஒரு டிகிரிதான் என்று வைத்துக்கொண்டாலும், 5 அடி தூரம் போவதற்குள் குறி ஓர் அங்குலம் தவறிவிடும். ஓர் அங்குலம் என்பது ஏறக்குறைய அரைப் பந்து. முக்கால் மில்லிமீட்டருக்கு அல்லாடுகிற இடத்தில் ஓர் அங்குலத்துக்கு எங்கே போவது?

இதற்கு அனுபவசாலிகள் கண்டுபிடித்த யுக்தியே கோலைத் திருப்பும் முறை. முதலில் பந்தின் நடுவைப் பார்த்துச் சாதாரணமாகக் குறி வைக்க வேண்டும். மேஜைமேல் ஊன்றியிருக்கும் முன் கை அசையலாகாது. பிறகு, கோலின் அடியைப் பிடித்திருக்கும் பின் கையை இடப்பக்கமாகச் சற்று நகர்த்த வேண்டும். முன் கை கதவின் கீல் மாதிரி நிற்க, கோல் திரும்பி அதன் நுனி பந்தின் வலப்புறம் வந்து நிற்கும். கோல் இப்போது பழைய குறிக்குச் சற்று வலப்பக்கம் நோக்குகிறது. அடித்தால் பந்து இடப்பக்கம் விலகும். வலத்துக்கு இடம் சரியாகிவிட்டது. பந்து பழைய கோட்டிலேயே ஓடும். சுழலும் கிடைத்தது, குறியும் தவறவில்லை.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கீல் சரியான இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோலுக்கும் இது வேறுபடும். நுனிப் பக்கம் கனமான கோல் பந்தை அதிகம் விலக்கும். அதற்கு முன் கையைப் பந்துக்கு நெருக்கமாக ஊன்ற வேண்டும். நுனி லேசான கோல் குறைவாக விலக்கும். அதற்குக் கை தள்ளி நிற்க வேண்டும். அடுத்தவர் கோலை இரவல் வாங்கி ஆடுகிறவர் எளிய பந்தையும் தவறவிடுவதற்கு இது ஒரு காரணம். மெதுவாக அடிக்கும்போது பந்து வழியில் வளைந்து வருமாகையால், அதற்கும் தனியாகக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆகவே இது மந்திரமல்ல. தன் கோலைத் தெரிந்துகொண்டவனுக்கு உதவுகிற ஒரு சாதனம், அவ்வளவே.

மையமும் விளிம்பும்: ஓயாத வழக்கு

அமெரிக்கப் பூல் ஆட்டக்காரர்களிடையே இந்தத் திருப்பும் யுக்தி இன்னொரு அவதாரம் எடுத்தது. ஹால் ஹூல் என்பவர் 'மையம்–விளிம்பு' என்ற முறையைப் பரப்பினார். ஸ்டான் ஷஃபெட் என்பவர் அதை விரிவாக்கிப் போதித்தார். உங்கள் பந்தின் மையத்திலிருந்து எதிர்ப் பந்தின் விளிம்புக்கு ஒரு கோட்டைப் பார்வையால் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிர்ப் பந்தின் மேல் இன்னொரு அடையாளத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும். கோலைச் சிறிது தள்ளி வைத்து, பிறகு பந்தின் மையத்துக்குத் திருப்பிக்கொண்டுவர வேண்டும். குறி தானாகவே அமைந்துவிடும் என்பது அவர்கள் வாதம். கற்பனைப் பந்தும் வேண்டாம், கோணத்தை மதிப்பிடவும் வேண்டாமாம்!

இதைக் கேட்டதும் பலர் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். பலர் நன்றாக ஆடியும் காட்டினார்கள். ஆனால் கணக்குத் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். இரண்டு பந்துகளை மேஜையில் வைத்துவிட்டு, குழியை மட்டும் ஒரு கை அகலம் தள்ளி வைத்ததாகப் பாவியுங்கள். பந்துகளின் மையமும் விளிம்பும் மாறவில்லை. கோடுகளும் மாறவில்லை. கோலைத் திருப்பும் அளவும் மாறவில்லை. அப்படியானால் முறைப்படி பந்து பழைய இடத்துக்கே அல்லவா போக வேண்டும்? குழி தள்ளிப் போன விஷயம் கோலுக்கு எப்படித் தெரியும்?

நியாயமான கேள்விதான். இதற்கு அந்த முறைக்காரர்கள், மேஜையில் நிற்கும் இடம் மாறும்போது கண்ணுக்குக் கோடுகள் தெரியும் விதமும் மாறுகிறது என்று பதில் சொல்கிறார்கள். அப்படியானால் வித்தியாசத்தைச் செய்வது விதியா, கண்ணா? பல வருஷம் அடித்துப் பழகிய கண் குழியை ஓரக்கண்ணால் பார்த்து, உடம்பை மயிரிழை நகர்த்திக்கொள்கிறது. ஆனால் பெயர் வாங்குவது விதி. எதிர்க்கட்சியினரின் அபிப்பிராயம் இதுவே.

இரண்டு கட்சியும் ஒப்புக்கொள்ளக்கூடிய உண்மை ஒன்று உண்டு. எந்த முறையானாலும் அது ஆட்டக்காரனை ஒவ்வொரு அடிக்கும் ஒரே மாதிரி நிற்கவும், ஒரே மாதிரி பார்க்கவும், ஒரே மாதிரி குனியவும் பழக்குகிறது. அந்த ஒழுங்கே பாதி வெற்றி. ஒழுங்கில்லாத கைக்கு எந்தக் கணக்கும் உதவாது. ஆனால் இந்த ஒழுங்கைக் காசு கொடுக்காமலும் பழகலாம்.

இடது கண் வீரர்

இன்னொரு விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மனிதனுக்குக் கண் இரண்டு இருந்தாலும், குறி பார்ப்பதற்கு ஒன்று எஜமானாக இருக்கும். தூரத்து விளக்குக்கு நேராக விரலை நீட்டி, கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் நகராமல் நிற்கிறதோ, அதுவே உங்கள் எஜமான்.

1927-இல் ஸ்னூக்கருக்கு முதன்முதலாக உலகப் பட்டப் போட்டி நடந்தபோது வென்றவர் இங்கிலாந்தின் ஜோ டேவிஸ். பரிசுப் பணம் ஆறு பவுன் பத்து ஷில்லிங். 1946 வரை 15 முறை பட்டம் வென்று, அந்தப் போட்டியில் ஒரு தடவையும் தோற்காமல் ஒதுங்கினார். அந்த மகா வீரருக்கு வலது கண்ணில் பார்வை மிகவும் மங்கல். இடது கண்ணின் கீழேதான் கோலை வைத்து ஆடினார். கோல் மோவாயின் நடுவில் இருக்க வேண்டும் என்று விதி பேசுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு ஏற்றபடி கோலை வைக்க வேண்டுமே தவிர, கோலுக்கு ஏற்றபடி கண்ணைத் திருத்த முடியாது.

துரைமார் அறையிலிருந்து வெளியே

உதகையில் விதி எழுதிய காலத்தில் அந்த அறை துரைமார்களுக்கு உரியது. விளக்கைத் துடைத்து, துணியை நீவி, புள்ளிக் கணக்கு எழுதும் வேலைதான் நம்மவர்களுக்கு. ஆட்டம் நம் மண்ணில் பிறந்தும், நம்மவர் கோல் பிடித்து உலகப் பட்டம் வாங்குவதற்கு 76 வருஷங்கள் ஆயின.

அந்தப் பெருமையைத் தேடித்தந்தவர் புனாவில் பிறந்த வில்சன் ஜோன்ஸ். 1958-இல் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வென்றார். சுதந்தரத்துக்குப் பிறகு தனி ஆட்டக்காரராக உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்று அவரைப் போற்றுகிறார்கள். 1964-இல் நியூசிலாந்தில் மறுபடியும் அதே பட்டம். 1965-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஓய்வு பெற்ற பிறகு இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1996-இல் துரோணாச்சாரியார் விருது கிடைத்தது.

அவருக்குப் பின் மைக்கேல் பெரைரா 1977, 1981, 1983 ஆகிய மூன்று வருஷங்களில் உலகப் பட்டம் வென்றார். ஓம் அகர்வால் 1984-இல் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தைக் கொண்டுவந்தார். கீத் சேத்தி 1992-இல் உலகத் தொழில்முறை பில்லியர்ட்ஸ் போட்டியில், எதிராளிக்கு ஆட்டத்தையே விடாமல், ஒரே மூச்சில் 1,276 புள்ளி எடுத்தார். பெங்களூரில் வளர்ந்து, முன்னாள் தேசிய சாம்பியன் அரவிந்த் சவூரிடம் பயின்ற பங்கஜ் அத்வானி 18 வயதில், 2003-இல், உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றார். 2024-இல் தோஹாவில் அவர் பெற்றது 28-வது உலகப் பட்டம்.

கேரத்திலும் தமிழ்நாடு பின்தங்கிவிடவில்லை. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் உலக சாம்பியனாகி, 1996-இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கப் பதக்கங்களை வென்று வந்தார்.

ஸ்னூக்கர் மேஜை வாங்குவது எல்லோராலும் முடிகிற காரியமல்ல. கற்பலகை, கம்பளித் துணி, ரப்பர் சுவர் என்று செலவு நீளும். அதை வைப்பதற்கே ஒரு கூடம் வேண்டும். கேரம் பலகையோ ஒரு திண்ணையில் அடங்கிவிடும். ஆனால் கற்பனைப் பந்தும், அரைப் பந்தும், எஜமான் கண்ணும் இரண்டுக்கும் ஒன்றே. பலகையில் கண் பழகியவனுக்கு மேஜை புதிய பாஷை அல்ல. அதே பாஷையின் இன்னொரு வட்டார வழக்கு.

அடுத்த முறை பலகையின் முன் உட்காரும்போது ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். காயை ஓர் இடத்தில் வைத்து, அதன் பின்னால் ஸ்ட்ரைக்கரை ஒட்டி வைத்து, அதன் மையம் இருக்கும் இடத்தைச் சாக்குக் கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கரை எடுத்துக்கொண்டு கோட்டுக்குத் திரும்புங்கள். காயைப் பார்க்காமல் புள்ளியைப் பார்த்தே பத்து முறை அடியுங்கள். பிறகு புள்ளியை அழித்துவிட்டுப் பத்து முறை அடியுங்கள். இரண்டாவது பத்தில் எத்தனை விழுகிறதோ, அவ்வளவுக்குக் கண் பாடம் கற்றுவிட்டது என்று அர்த்தம்.

விளக்கடியில் நின்ற பெரியவர் கோரியோலியைப் படித்தவரல்ல. "அடி எங்கே விழோணும்னு பாரு" என்று அவர் சொன்னது இதைத்தான்.